பெர்சன் என்றால் யார்?

லிஃப்ட்டுக்குள் ஏறியதும் பொத்தான்களுக்குப் பக்கத்தில் ஒரு தகடு கண்ணில் படும். '8 பெர்சன்ஸ், 544 கிலோ' என்று போட்டிருக்கும். வகுத்துப் பாருங்கள், ஒரு பெர்சன் சரியாக 68 கிலோ! ஆணா, பெண்ணா, எந்த ஊர், என்ன சாதி என்று லிஃப்ட் கேட்பதில்லை. இந்த ஆங்கிலச் சொல் எல்லோரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் இடம் அனேகமாக அது ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்தில் பெர்சன் என்றால் 'நபர்' என்று சொல்லிக்கொடுத்து முடித்துவிடுவார்கள். (அந்த 'நபர்' கூட அரபு மொழியிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட சொல்தான். செய்தித்தாள்களில் 'மர்ம நபர்', பேங்க்கில் 'தனிநபர் கடன்' என்று நன்றாகவே பிழைத்துக்கொண்டது.) இலக்கண வகுப்பில் ஃபர்ஸ்ட் பெர்சன், செகண்ட் பெர்சன் வரும். தமிழில் அதற்குத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று அழகான பெயர்கள் இருக்கின்றன, 'நபர்' என்ற பேச்சே அங்கே இல்லை. பன்மையிலும் ஒரு வேடிக்கை உண்டு. சாதாரணப் பேச்சில் ஒன்றுக்கு மேல் போனால் 'பீப்பிள்'. போலீஸும் வக்கீலும் லிஃப்ட் கம்பெனியும் மட்டும் 'பெர்சன்ஸ்' என்பார்கள்.

இதன் மூலம் லத்தீன் மொழியின் 'பெர்சோனா'. நாடக நடிகர்கள் போட்டுக்கொண்ட முகமூடிக்குப் பெயர் அது. பிறகு அந்த முகமூடி குறிக்கும் பாத்திரத்துக்குப் பெயரானது, அதற்கும் பிறகுதான் ஆளுக்கு வந்தது. ஆக பிறப்பிலேயே இது மனிதனைக் குறித்த சொல் அல்ல, மேடையில் ஒருவருக்குக் கொடுக்கப்படும் வேடத்தைக் குறித்த சொல். சட்டத்தில் இன்றுவரை அது அப்படித்தான் இருக்கிறது. வேடம் கொடுப்பவர் வேறு, போட்டுக்கொள்பவர் வேறு.

கனடாவில் நடந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கலாம். 1916-இல் எட்மண்டன் நகரில் எமிலி மர்ஃபி என்ற பெண் மாஜிஸ்திரேட் ஆனார். அவர் நீதிமன்றத்திலேயே ஒரு வக்கீல் எழுந்து, சட்டப்படி நீங்கள் 'பெர்சன்' இல்லை, ஆகவே தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு உரிமையும் இல்லை என்று வாதாடினார். செனட்டுக்குத் 'தகுதியுள்ள பெர்சன்'களை நியமிக்கலாம் என்று 1867-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அதில் பெண்கள் அடக்கமா என்று எமிலியும் இன்னும் நான்கு பெண்களும் கேட்டார்கள். 1928-இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1929 அக்டோபர் 18 அன்று அதை மாற்றி, பெண்களும் அடக்கம்தான் என்று தீர்ப்பளித்தது. ஆனால் எமிலிக்குக் கடைசிவரை செனட்டில் இடம் கிடைக்கவில்லை.

இந்தக் கதையை வெளிநாட்டு விநோதமாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் கல்கத்தாவை மறந்துவிடுகிறார்கள். அதே 1916-இல் சட்டம் படித்துத் தேறிய ரெஜினா குஹா, வக்கீலாகப் பதிவு செய்துகொள்ள விண்ணப்பித்தார். 1879-ஆம் ஆண்டின் வக்கீல் தொழில் சட்டத்தில் இருந்த சொல்லும் 'பெர்சன்'தான். சட்டத்தில் 'அவன்' என்று வந்தால் அதில் 'அவள்' என்பதும் அடங்கும் என்று தனியாக ஒரு விதி வேறு இருந்தது. அப்படியிருந்தும் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் முடியாது என்றார்கள். 1921-இல் பாட்னாவில் சுதான்ஷுபாலா ஹஸ்ராவுக்கும் அதே பதில். அதே வருடம் அலகாபாத் உயர் நீதிமன்றம் கார்னீலியா சொராப்ஜியைப் பதிவு செய்துகொண்டது! ஒரே நாடு, ஒரே சொல், ஆனால் எந்த ஊரில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் பெர்சன் அல்லது பெர்சன் இல்லை. 1923-இல் தனிச் சட்டம் போட்டுத்தான் இந்தக் கூத்து முடிந்தது.

பெண்களுக்கு இப்படிக் கதவைச் சாத்திய சொல், கம்பெனிகளுக்கு எப்போதோ திறந்துவிட்டிருந்தது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் பெர்சன்களில் ஏழு வகை காட்டியது. ரத்தமும் சதையுமான தனிமனிதர் அதில் ஒரே ஒரு வகைதான். மற்றவையெல்லாம் கூட்டுக் குடும்பம், கம்பெனி, உள்ளாட்சி மன்றம் என்று போகும். கோயில் தெய்வமும் இந்தியச் சட்டத்தில் ஒரு நபர்தான். சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். பத்தூர் நடராஜர் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1976-இல் மண்ணைத் தோண்டும்போது கிடைத்த சிலை கடத்தப்பட்டு லண்டன் போய்ச் சேர்ந்தது, ஒரு கனடா கம்பெனி அதை வாங்கியது. வழக்கு 1991-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. இந்தியச் சட்டப்படி கோயிலுக்கு வழக்காடும் தகுதி இருந்தால் இங்கேயும் வழக்காடலாம் என்று அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒரு பக்கம் கம்பெனி, மறுபக்கம் கோயில். மூச்சு விடாத இரண்டு நபர்கள் சண்டை போட்டதில் நடராஜர் ஊர் திரும்பினார். இதைக் குறை சொல்ல முடியாது. கல்லுக்கும் காகிதக் கம்பெனிக்கும் கொடுக்க முடிகிற வேடத்தை, படித்துத் தேறி எதிரில் வந்து நின்ற பெண்ணுக்குக் கொடுக்க எத்தனை தயக்கம் என்பதுதான் உறுத்துகிறது.

இதையெல்லாம் சொல்லக் காரணம் தமிழில் நடக்கும் ஒரு மொழிபெயர்ப்புத் தவறு. அரசியல் சட்டம் பற்றிய பேச்சுகளில் 'சட்டத்தின் முன் குடிமக்கள் அனைவரும் சமம்' என்று சர்வசாதாரணமாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பிரிவு 14-இல் இருப்பது 'குடிமகன்' இல்லை, 'எந்த பெர்சனுக்கும்' என்பதுதான். உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் பிரிவு 21-லும் அப்படியே. பேச்சுரிமை, தொழில் செய்யும் உரிமை வரும் பிரிவு 19-இல்தான் 'குடிமக்கள்' என்று எழுதினார்கள். எழுதியவர்களுக்கு இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் தெரியும், தெரிந்தேதான் மாற்றிப் போட்டார்கள். 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதை ஒரு வழக்கில் நன்றாக விளக்கியது. ஹவுரா ரயில் நிலையத்தை ஒட்டிய தங்குமிடத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு வங்கதேசப் பெண், இந்தியக் குடிமகள் இல்லையே, நஷ்டஈடு எப்படிக் கொடுப்பது என்று ரயில்வே தரப்பு கேட்டது. பிரிவு 21 குடிமக்களுக்கு மட்டுமானதல்ல என்று சொன்ன நீதிமன்றம், பத்து லட்சம் ரூபாய் நஷ்டஈட்டை உறுதி செய்தது. 2014-இல் திருநங்கைகள், திருநம்பிகள் வழக்கிலும் பிரிவு 14-இன் 'பெர்சன்' ஆண், பெண்ணோடு நின்றுவிடும் சொல் அல்ல என்றது.

'குடிமக்கள்' என்று சொன்னால் என்ன, 'நபர்' என்று சொன்னால் என்ன என்று தோன்றலாம். தமிழ்நாட்டின் அகதி முகாம்களில் இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்கு இங்கேயே பிறந்த பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள். 2021-இல் முகாம்களின் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது, அதில் இலங்கை இல்லை. குடியுரிமை கிடைக்காதவரை பிரிவு 19 அவர்களுக்கு இல்லை. வாக்குச்சீட்டும் இல்லை. பிரிவு 14-உம் 21-உம் இருக்கின்றன. மேடையில் யாராவது 'குடிமக்கள் அனைவரும்' என்று தொடங்கும்போது, கையில் இருக்கும் அந்த இரண்டையும்தான் பிடுங்கிக்கொள்கிறார்கள்.