ஒரு நாள் திருவிழா, ஓராண்டுப் பொறுப்பு

தை 5ஆம் நாள் தென்பெண்ணை ஆற்று மணலில் திரளும் கூட்டத்தை யாரும் விளம்பரம் செய்து வரவழைப்பதில்லை. சுற்றுவட்டாரச் சாமிகள் தீர்த்தவாரிக்கு ஆற்றுக்குப் புறப்பட்டால் ஊரும் கூடவே புறப்பட்டுவிடுகிறது. மணலூர்பேட்டைக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே எழுந்தருளுகிறார். கீழே விழுப்புரம் பக்கத்துப் பிடாகம், பேரங்கியூர் வரைக்கும் அதே நாளில் இதே கோலாகலம்தான். கரும்பு, பொரி, சிறுவள்ளிக்கிழங்கு, வளையல், ராட்டினம் என்று மணல் முழுக்கக் கடைகள் முளைக்கின்றன. அரசு பெயர்ப்பலகை நடாவிட்டாலும், திருக்கோவிலூர் வட்டாரத்தின் பொருட்காட்சித் திடல் இந்த ஆறுதான்.

இந்த நாளுக்கும் இடத்துக்கும் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெள்ளம் வடிந்து, முழுக்குப் போட நீரும் கடை விரிக்க மணலும் ஒருசேரக் கிடைக்கும் காலம் தை. அறுவடையால் கையில் நாலு காசு புழங்குவதும் அப்போதுதான். வழிபாடும் வேளாண்மையும் வணிகமும் சேர்ந்து தேர்ந்த திடல் இது.

ஆனால் ஒரு திடல் நிலைக்க, அதற்குப் பொறுப்பாளரும் நாட்காட்டியும் வேண்டும். சென்னைத் தீவுத்திடலைப் பாருங்கள். பொங்கலை ஒட்டித் தொடங்கும் சுற்றுலா, தொழில் பொருட்காட்சி வாரக்கணக்கில் நடக்கிறது. தீபாவளிக்குப் பட்டாசுக் கடைகள் வருகின்றன. 2024இல் அதைச் சுற்றிய சாலைகளில் ஃபார்முலா 4 கார் பந்தயமே நடந்தது. ராணி மங்கம்மாள் காலத்தோடு பெயர் பிணைந்த மதுரைத் தமுக்கம், சித்திரைப் பொருட்காட்சிக்குப் பெயர்போனது; 2022இல் அங்கே மாநாட்டு மையமும் திறக்கப்பட்டது. குறைகள் இருக்கலாம். ஆனால் யாரைக் கேட்பது என்ற குழப்பம் அங்கில்லை.

தென்பெண்ணையில் அதுதான் சிக்கல். திருக்கோவிலூர்க் கரை கள்ளக்குறிச்சி மாவட்டம். எதிரே அரகண்டநல்லூர் விழுப்புரம் மாவட்டம். மணலூர்பேட்டைக்கு அக்கரையோ திருவண்ணாமலை மாவட்டம். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு ஆற்றில் இன்னோர் எல்லைக்கோடும் விழுந்தது. ஆறு நீர்வளத் துறைக்கு, கோயில் அறநிலையத் துறைக்கு, கடையும் குப்பையும் உள்ளாட்சிக்கு, கூட்டம் காவல்துறைக்கு. திருவிழா அன்று ஒரு நாள் எல்லோரும் வருகிறார்கள். மறுநாள் முதல் மணல் அள்ளிய பள்ளத்துக்கும் சீமைக்கருவேலத்துக்கும் கழிவுநீருக்கும் பொறுப்பேற்க ஆளில்லை. குளிக்கும் துறையில் பள்ளம் கிடந்தால் அது அடுத்த தையில் உயிரைக் குடிக்கும்.

ஆற்றுத் திடலை ஆளும் வழி நம் நாட்டுக்குப் புதிதல்ல. கங்கைக் கரை மேளா போன்றவற்றுக்காக 1938லேயே ஐக்கிய மாகாணத்தில் சட்டம் வந்தது. 2025 மகா கும்பமேளாவுக்காக உத்தரப் பிரதேச அரசு மேளாப் பகுதியையே தற்காலிக மாவட்டமாக அறிவித்தது. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. மூன்று ஆட்சியர்களும் துறைகளும் உள்ளூர் மக்களும் அடங்கிய நிரந்தரக் குழு போதும்.

அதற்காக ஆற்றுக்குள் மேடையும் மண்டபமும் கட்டிவிடக் கூடாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்த நீர் இக்கரைகளை என்ன பாடுபடுத்தியது என்பதை மறக்க முடியுமா? ஐப்பசி முதல் மார்கழி வரை மணல்வெளி ஆற்றுக்கே சொந்தம். தையில் திருவிழாவுக்கு. மற்ற மாதங்களில் அதைத் தூய்மையாகவும் பள்ளமின்றியும் காப்பதே அதற்கான சரியான பயன்பாடு.

நிரந்தர வசதிகள் வெள்ளம் எட்டாத மேட்டில் அமையட்டும். குடிநீர், கழிப்பறை, நிழற்கூரையுடன் ஒரு பொதுத்திடல் இருந்தால் வாரச்சந்தை, விதைத் திருவிழா, புத்தகக் காட்சி எல்லாம் அங்கே நடக்கும். கல்வராயன்மலை மக்களின் தேனும் கடுக்காயும் சாமையும் இடைத்தரகரின்றி சமவெளியில் விற்க இத்திடல் வழி செய்யும். வெள்ளக் காலத்தில் அதுவே அடைக்கலமாகவும் இருக்கும்.

உலகளந்த பெருமாளையும் வீரட்டானத்தையும் தேடி வருவோர் ஆற்று நடுவே கபிலர் குன்றையும் கண்டு செல்லும் ஊர் திருக்கோவிலூர். அடுத்த தை 5க்கு முன் மூன்று மாவட்ட ஆட்சியர்களும் கூடிப் பேசி, ஆற்றுத் திடலின் எல்லையையும் ஆண்டு முழுமைக்கான பொறுப்புகளையும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். திருக்கோவிலூர் மக்கள் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.