கண்ணில் படுவதும் கருத்தில் படுவதும்



"கவனி" என்னும் சொல்லைப் போல் வகுப்பறையில் அடிக்கடி ஒலிக்கும் சொல் வேறொன்று இருத்தல் அரிது. கரும்பலகையை நோக்காமல் சன்னலுக்கு வெளியே நோக்கும் சிறுவனைக் கவனமில்லாதவன் என்று கடிந்துகொள்கிறோம். பலகையில் எழுதிய கூட்டல் கணக்கு அவனுக்குத் தெரியாதிருக்கலாம். ஆயினும் எதிர்க்கூரையின் இடுக்கில் கூடு கட்டும் மைனா எத்தனை முறை வைக்கோல் கொண்டுவந்தது என்று வினவினால் பிழையின்றிக் கூறிவிடுவான். அவனிடத்தில் கவனம் இருக்கிறது. அது நாம் விரும்பிய இடத்தில் இல்லை. இவ்வேறுபாடு சிறியதன்று என்பது என் கருத்து.

மனிதக் கண்ணின் அமைப்பே இதற்குச் சான்று பகரும். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறத்தாழ அந்நகத்தின் அளவுள்ள பரப்பே ஒரு நொடியில் நமக்குத் தெள்ளத் தெளிவாகத் தெரிவது. எஞ்சியவை மங்கலே. கண்ணை அங்குமிங்கும் ஓட்டியும், விடுபட்டதை மனத்தால் இட்டு நிரப்பியும் முழுக் காட்சியையும் கண்டுவிட்டதாக நம்பிக்கொள்கிறோம். ஆகவே, சிலவற்றை விட்டால்தான் சிலவற்றைக் காண இயலும்.

அமெரிக்க உளவியல் அறிஞர்களாகிய சைமன்சும் சாப்ரிசும் 1999-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உலகப் புகழ் பெற்றது. வெள்ளைச் சட்டையினரும் கறுப்புச் சட்டையினரும் பந்தெறிந்து விளையாடும் காட்சியைக் காட்டி, ஓர் அணியினர் எத்தனை முறை பந்தை மாற்றிக்கொள்கின்றனர் என எண்ணும்படி பார்வையாளரைப் பணித்தனர். இடையே கொரில்லாக் குரங்கின் வேடம் பூண்ட ஒருவர் ஆட்டக்காரர் நடுவே நடந்து சென்றார். பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதனைக் காணவே இல்லை! கற்றவர்க்கு இது நேராது என்று எண்ண வேண்டா. 2013-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், நுரையீரல் படங்களில் கட்டியைத் தேடிய 24 கதிர்ப்பட மருத்துவர்களுள் 20 பேர், அப்படத்தில் வைக்கப்பட்டிருந்த கொரில்லா உருவத்தைக் காணத் தவறினர். அவ்வுருவமோ அவர்கள் தேடிய கட்டியைவிடப் பன்மடங்கு பெரியது.

தமிழில் எண்ணுதல் என்னும் ஒரே சொல் கணக்கிடுதலையும் நினைத்தலையும் குறிக்கிறது. நாம் எதை எண்ணிக்கொண்டிருக்கிறோமோ அதுவே கண்ணுக்குத் தெரிகிறது. நம் பெற்றோர் உழைத்த பால்மரக் காட்டிலும் இவ்வுண்மை விளங்கியது. விடியுமுன் தலைவிளக்கோடு நிரைக்குள் நுழையும் தொழிலாளி, பட்டையின் ஈரத்தையும் உளி இறங்கும் ஆழத்தையும் அறிவார். ஆழம் மிகுந்தால் மரம் காயப்படும். குறைந்தால் பால் குறையும். எடை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணிக்கு அம்மரங்கள் எல்லாம் ஒன்றே. இருவரும் நாள்தோறும் ஒரே காட்டில்தான் இருந்தனர்.

பழகிய மனம் எல்லாவற்றையும் ஒருசேரக் கவனிக்குமே, நம் அவதானிகள் கவனிக்கவில்லையா என்று சிலர் வினவக்கூடும். நல்ல வினாதான். அவதானம் என்னும் சொல்லுக்கே கவனம் என்பது பொருள். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திப் பெரும்புகழ் எய்தினார். அவதானியின் முதுகில் ஒருவர் சிறு கற்களை எறிவார். மற்றொருவர் மணி அடிப்பார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி தருவார். வேறொருவர் கணக்குக் கேட்பார். இறுதியில் அனைத்திற்கும் விடை வரும். வியக்கத்தக்க கலைதான். எனினும், அவதானி அனைத்தையும் ஒரே நொடியில் கவனித்தார் என்று நான் கருதவில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து சென்று, முன்னதை நினைவில் காத்தார் என்பதே பொருத்தம். இதிலும் முக்கியமானது ஒன்றுண்டு. முதுகில் விழும் கல்லும் எண்ணத்தக்கதே என்று அவை கூடுமுன்பே அவர் முடிவு செய்திருந்தார்.

ஓர் ஊருக்கும் அத்தகைய முடிவு வேண்டும். நம் ஜுரு ஆற்றை நினைத்துப் பாருங்கள். பிறைத் தொழிற்பேட்டை வளர்ந்த காலத்தில் ஆலைகள் எத்தனை, வேலைகள் எத்தனை என்பனவே எங்கும் பேச்சாக இருந்தன. அவை வேண்டத்தக்கனவே, தோட்டத்தை விட்டு வந்த நம்மவர் பலருக்கும் அவை சோறளித்தன. ஆயினும் ஆற்று நீரை எண்ணுவார் சிலரே. கோலஜுருவின் மீனவர்கள் அச்சிலருள் முதன்மையானோர். மீன் குறைந்ததும், கெராங் என்னும் மட்டி மடிந்ததும் அவர்கள் கையில் பட்டன, வலையில் தெரிந்தன. 1970-களில் அவர்கள் எழுப்பிய குரலைப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் எடுத்துப் பேசியது. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இல் இந்நாட்டில் இயற்றப்பட்டது. அதன் பின்னும் பல்லாண்டுகள் நம் ஆறு நாட்டின் மிக மாசடைந்த ஆறுகளுள் ஒன்றாகவே பேசப்பட்டது. பாலத்தைக் கடந்து நாள்தோறும் சென்றவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் குருடரல்லர், வேலைக்கு நேரமாயிற்று என்று விரைந்தவர்கள். நாற்றமும் நாளடைவில் பழகிவிடும். பழகியது கருத்தில் படாது.

சாலைக்கும் இதுவே பொருந்தும். நம் மாணவர் பலர் பெற்றோரின் மோட்டார் சைக்கிளில் அமர்ந்தே பள்ளிக்கு வருகின்றனர். மலேசியாவில் சாலை விபத்தில் இறப்போருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. சந்திப்பில் நின்று கார் வருகிறதா, லோரி வருகிறதா என்று தேடும் ஓட்டுநரின் கண்முன்னே மோட்டார் சைக்கிள் வந்தாலும், அது கருத்தில் படாமற் போகலாம். கையில் கைப்பேசியும் இருந்துவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, பிள்ளையை ஏற்றி வரும் தந்தையர், "அவர் என்னைப் பார்த்துவிட்டார்" என்று ஒருபோதும் நம்பிவிடாதிருக்க வேண்டுகிறேன்.

இனி நம் பள்ளிக்கு வருவோம். 1988 முதல் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் கைவிடப்பட்டது. தேர்வு போயிற்று, ஆனால் எத்தனை 'ஏ' என்று எண்ணிய கண் மாறவில்லை. பரிசளிப்பு மேடையேறும் முதல் மூவரை ஊரறியும். குறும்பு செய்வோரை ஆசிரியரறை அறியும். இவ்விரு சாரார்க்கும் இடையே, தொல்லையும் தராமல் பெயரும் எடுக்காமல், ஆறாண்டுகள் அமைதியாக அமர்ந்துவிட்டுப் போகும் பிள்ளைகள்தாம் தொகையில் மிகுதி.

நானறிந்த ஒரு பள்ளியில் இரண்டாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். பக்கத்து மாணவியின் ஏட்டைப் பார்த்து எழுதுகிறாள் என்பதே அவளைப் பற்றிய ஒரே குறிப்பு. அதற்காக இருமுறை இடமும் மாற்றப்பட்டாள். அவளுக்குப் பார்வைக் குறை உண்டென்று கண்டறிந்தவர் ஆசிரியர் அல்லர். சிற்றுண்டிச்சாலை நடத்திய அம்மையார். இருபது காசா, ஐம்பது காசா என்று அறிய அவள் நாணயத்தை மூக்கருகே கொண்டுசெல்வதை அவர் கண்டார். காசை நோக்குவது அவர் தொழில்; ஆதலால் காசு பிடித்த கையும் அவர் கண்ணில் பட்டது. கண்ணாடி அணிந்த பின் அச்சிறுமி தன் ஏட்டையே பார்த்து எழுதினாள்.

பிள்ளைகளின் குறையறியும் பணி வகுப்பாசிரியர் ஒருவருக்கே உரியது என்னும் எண்ணத்தை நாம் விட்டுவிட வேண்டும். தோட்டக்காரர், காவலர், வேன் ஓட்டுநர் ஆகியோர் காண்பது வேறு. அவர்கள் கூறுவதைக் கேட்பதற்கு மாதம் ஒரு முறையேனும் பள்ளியில் இடமிருக்க வேண்டும். பெற்றோரும் "இன்று எத்தனை மதிப்பெண்?" என்று கேட்குமுன், "இன்று யாரோடு அமர்ந்து உண்டாய்?" என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் வரத் தாமதமானால் அதுவும் ஒரு செய்தியே.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சிறு பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்தபின், வருகைப் பதிவேட்டைப் புரட்டாமல், தங்கள் வகுப்பு மாணவர் அனைவரின் பெயர்களையும் நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதுக. முதற் பத்துப் பெயர்கள் தடையின்றி வரும். கடைசியில் வரும் பெயர்களையும், வராமலே போன பெயர்களையும் தனியே குறித்துக்கொள்க. திங்கட்கிழமை முதற் பாடவேளையில் முதல் வினாவை அப்பெயர்களுள் ஒன்றைச் சொல்லித் தொடங்குக.