பெரிய கோயிலை பார்சல் கட்டுவது எப்படி?

தஞ்சாவூர் நெட்டி வேலை பாத்திருப்பீங்க. தண்ணில வளர்ற நெட்டிச் செடியோட தண்டைக் காயவச்சு, உள்ளே இருக்கற வெள்ளைப் பகுதியைச் சீவிச்சீவி பெரிய கோயிலையே செஞ்சிடுவாங்க. பாக்க தந்தம் மாதிரி இருக்கும், எடையே இருக்காது. ஆனா விரலால அழுத்தினா நசுங்கிடும். 2020-ல புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. வெளிநாட்டுல இருக்கற நம்ம மக்களுக்கும் வாங்க ஆசைதான். போய்ச் சேரணுமே!

"உடையும் பொருள், கவனம்"னு ஒட்டற ஸ்டிக்கரை நம்பவே கூடாதுங்கறது என் கட்சி. எங்க கூடங்குளத்துலயே பாருங்க. 2023 செப்டம்பர்ல, அணுமின் நிலையத்துக்கு ரஷ்யாவுல இருந்து வந்த ரெண்டு நீராவிக் கலன்களைத் தூத்துக்குடியில மிதவைக்கு மாத்தி ஏத்திட்டு வந்தாங்க. இழுவைக் கயிறு அறுந்து, ஊர் வாசல்ல பாறையில சிக்கிச்சு. கடல் தாண்டி வந்தது கடைசிக் கொஞ்ச தூரத்துல மாட்டிக்கிச்சு. கை மாறற இடம்தான் ஆபத்து. பார்சலுக்கும் அதேதான்.

பிளஸ் டூ பிசிக்ஸ் போதும் :-) பெட்டி 1 மீட்டர் உயரத்துல இருந்து விழுது. உள்ளே இருக்கற மெத்தை 5 செ.மீ. அமுங்கித் தாங்கினா, பொம்மை மேல விழற சராசரி அதிர்ச்சி புவியீர்ப்பைப் போல சுமார் 20 மடங்கு. அரை செ.மீ.தான் அமுங்கினா 200 மடங்கு! அதனால பெட்டிக்குள்ள பெட்டி, நடுவுல சுத்திவர 5 செ.மீ. ஸ்பான்ச். பிடிமானம் அடிப்பலகைக்குத்தான், விமானத்துக்கு இல்ல. கண்ணாடிக் கூண்டு வேண்டவே வேண்டாம், அங்கேயே வாங்கிக்கட்டும். ஈரத்துக்கு சிலிக்கா ஜெல்.

வைக்கோல் திணிக்காதீங்க, ஆஸ்திரேலியாவுல தடை. மரப்பெட்டின்னா 56 டிகிரியில 30 நிமிஷம் சூடாக்கின முத்திரை வேணும். பிளைவுட்டுக்கு அந்தத் தொல்லை இல்ல.

அடுத்த சிக்கல் காசு. பல கூரியர்ல நீளம், அகலம், உயரத்தை செ.மீ.ல பெருக்கி 5000-ஆல வகுத்து எடை போடறாங்க. 50×40×40 பெட்டின்னா 16 கிலோ! உள்ளே இருக்கறது 2 கிலோ கூட இருக்காது. அதனால விமானம், நந்தி, கோபுரம்னு தனித்தனியா கழட்டி மாட்டற மாதிரியே செஞ்சா பெட்டியும் சின்னது, சேதமும் கம்மி.

இதுக்கெல்லாம் நேரமும் காசும் ஆகும். அதை செய்யறவர் தலையில கட்டறது நியாயமே இல்ல. பேக்கிங்கும் கைவேலையில ஒரு பாகம்தான். வாங்கப் போறீங்களா? ஐநூறு ரூபா குறைக்கச் சொல்லி பேரம் பேசாதீங்க. "நல்லா பேக் பண்ண எவ்வளவு கூட தரணும்?"னு கேளுங்க.