வெட்டிய பூவுக்கும் தாகமுண்டு



நிக்காஹ் மேடையிலும், நோயாளியைக் காணச் செல்வோர் கையில் ஏந்தும் பூங்கொத்திலும், ரோஜாக்களுக்கிடையே பனித்துளி சிதறினாற்போல் வெண்ணிறச் சிறுபூக்கள் நிறைந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஜிப்சோபிலா என்பது அதன் பெயர். ஜிப்சம் கலந்த மண்ணை விரும்பும் செடி என்பது அப்பெயரின் பொருள். ஆங்கிலத்தில் ‘பேபிஸ் பிரெத்’, அதாவது மழலையின் மூச்சு என்பர்.

சென்ற ஆண்டு, சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய என் உம்மாவைக் காண, வெளியூரில் தங்கிப் படிக்கும் என் தங்கை மகள் இப்பூங்கொத்து ஒன்றை வாங்கி வந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை பேத்தி மீண்டும் வரும்வரை அது வாடாதிருக்க வேண்டும் என்பது உம்மாவின் ஆசை. கட்டிலருகே மேசையில், பார்க்க வந்தோர் தந்த வாழைப்பழச் சீப்புகளுக்குப் பக்கத்தில் அதை வைக்கச் சொன்னார்கள். மல்லிகைச் சரத்துக்குச் செய்வதுபோல் காலையும் மாலையும் தண்ணீரும் தெளித்தார்கள். மூன்றாம் நாளே பூக்கள் சுருண்டு பழுப்பேறின. “பிள்ளை ஆசையாய்க் கொண்டு வந்ததைக் காப்பாற்ற முடியலையே” என்று கண் கலங்கினார்கள். அவர்களுடைய அன்பில் குறை இருக்கவில்லை. இப்பூவின் இயல்பை நாங்கள் எவரும் அறிந்திருக்கவில்லை. அதன்பின் தேடிக் கற்றவற்றையே இங்கு உங்களோடு பகிர்கின்றேன்.

செடியிலிருந்து வெட்டிய பின்னும் பூ உடனே இறந்துவிடுவதில்லை. அது மூச்சு விடுகின்றது, தண்ணீர் அருந்துகின்றது. தண்டிலுள்ள நுண்குழாய்கள் அடைபடும்போதுதான் அது தாகத்தால் வாடுகின்றது. வெளியில் கிடக்கும்போது வெட்டுவாயில் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். அழுக்கு நீரில் பெருகும் பாக்டீரியாக்களும் அடைத்துவிடும்.

ஆகவே, பூவை வாங்கி வந்தவுடன் காகிதத்தையும் பிளாஸ்டிக் உறையையும் நீக்கி, கிளைகளைச் சிக்கலின்றி மெல்லப் பிரியுங்கள். கூரிய கத்தியால் ஒவ்வொரு தண்டின் அடியிலும் ஓர் அங்குலம் சாய்வாக வெட்டுங்கள். தண்ணீருக்குள் அமிழ்த்தி வெட்டினால் காற்று புகாது. நீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். அவை அழுகி நீரைக் கெடுக்கும். பூச்சாடியைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே பயன்படுத்துங்கள்.

1 லிட்டர் நீரில் 2 தேக்கரண்டி சர்க்கரை கரைத்தால், கொத்திலுள்ள மொட்டுகள் மலர அது உணவாகும். ஆனால் சர்க்கரை பாக்டீரியாவுக்கும் உணவே. எனவே துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவத்தில் கால் தேக்கரண்டி சேர்க்க வேண்டும். அதனுடன் எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலக்காதீர்கள். நச்சு வாயு உண்டாகும். பிள்ளைகள் கைக்கு எட்டாமலும் வையுங்கள். இவ்வளவும் இயலாதவர்கள் வெறும் தூய நீரை நாள்தோறும் மாற்றி வந்தாலே நல்ல பயன் காணலாம். இரண்டு நாளைக்கொரு முறை தண்டின் நுனியைச் சிறிது வெட்டிவிடுங்கள்.

இனி, உம்மாவின் மேசைக்கு வருவோம். பழுக்கும் கனிகள் எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. வாழைத்தாரைப் புகை மூட்டிப் பழுக்க வைப்பது நம் ஊர் வழக்கமல்லவா? புகையிலுள்ள எத்திலீனே காயைக் கனியாக்குகின்றது. காயைக் கனிவிக்கும் அதே வாயு, இப்பூவை முதுமைக்குத் தள்ளி இதழ்களைச் சுருளச் செய்கின்றது. எனவே பழத்தட்டும் சாம்பிராணிப் புகையும் எட்டாத, வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் சாடியை வையுங்கள். பூக்களின்மீது தண்ணீர் தெளிக்கவும் வேண்டா. ஈரம் தங்கினால் பூஞ்சை பற்றும்.

வாங்கும்போது பாதிக்குமேல் மலர்ந்து, மீதி மொட்டாக உள்ள கொத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் பூனை வளர்ப்போர், அது மென்றுவிடாதபடி உயரத்தில் வைக்க வேண்டும். தின்றால் வாந்தி உண்டாகும்.

அந்த வெள்ளிக்கிழமை நடந்ததைக் கேட்டறிந்த பேத்தி, மறுமுறை வரும்போது இன்னொரு கொத்துடன் வந்தாள். இம்முறை பழங்கள் அடுக்களைக்குப் போயின. பூ சன்னலோர நிழலுக்குச் சென்றது. நாள்தோறும் நீர் மாற்றும் பொறுப்பை உம்மா தாமே ஏற்றார்கள். எட்டு நாள் வரை அது வெண்மை மாறாதிருந்தது. பின்னர் அதைத் தலைகீழாகக் கட்டி, இருண்ட, காற்றோட்டமான அறையில் இரண்டு வாரம் தொங்கவிட்டோம். நிறமும் வடிவும் குலையாமல் உலர்ந்துவிட்டது. ஆஸ்துமா உள்ளோர் இருக்கும் வீடுகளில் மட்டும் உலர்ந்த பூவைத் தவிர்ப்பது நலம்.

அந்தக் கொத்து இன்றும் உம்மாவின் அலமாரியில் இருக்கின்றது. வீட்டுக்கு வருவோரிடம், “இது என் பேத்தி தந்தது” என்று அவர்கள் எடுத்துக் காட்டாத நாளில்லை. உங்கள் வீட்டுக்கும் அன்போடு ஒரு பூங்கொத்து வரலாம். வந்தால், முதலில் பழத்தட்டை அப்புறப்படுத்துங்கள்.