கூடங்குளத்தின் அணுக்கழிவு: கடலுக்கு இந்தப் பக்கம் கேட்க வேண்டிய கேள்விகள்

கூடங்குளம் பற்றி யாழ்ப்பாணத்தில் இரண்டு விதமான பேச்சைத்தான் கேட்கிறேன். 'அங்கே ஏதும் நடந்தால் நாங்கள் துலைந்தோம்' என்பது ஒன்று. 'அது இந்தியாவின் விடயம், எங்களுக்கென்ன' என்பது மற்றது. இரண்டுமே ஆபத்தை அளந்து பார்க்காத பேச்சு.

யாழ்ப்பாணத்திலிருந்து கூடங்குளம் நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். அங்கே தலா 1000 மெகாவாட் வலுவுள்ள 2 உலைகள் இயங்குகின்றன, மேலும் 4 கட்டப்படுகின்றன. 1988இல் சோவியத் ஒன்றியத்துடன் செய்த உடன்படிக்கையின்படி எரிந்து முடிந்த எரிபொருள் அந்த நாட்டுக்கே திரும்பிப் போக வேண்டும். 1998இல் அது மாறியது. இப்போது அந்த எரிபொருள் உலையோடு சேர்ந்த நீர்த்தொட்டிகளில் குளிர்விக்கப்படுகிறது.

பிறகு எங்கே வைப்பது? நிலத்தடியில் நிரந்தரக் களஞ்சியம் தேவை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத் தீர்ப்பில் வலியுறுத்தியது. அதற்கு முன்னரே கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் அடிபட்டு, அங்கே மக்கள் எதிர்த்ததும் கைவிடப்பட்டிருந்தது. உலைக்கு வெளியே, அதே வளாகத்தில் ஒரு சேமிப்பிடம் அமைக்கும் திட்டத்துக்கான மக்கள் கருத்துக்கேட்பு 2019 ஜூலை 10 அன்று நடக்கவிருந்தது. எதிர்ப்பு எழவே ஒத்திவைக்கப்பட்டது. பின்லாந்து 400 மீற்றருக்கும் ஆழமான பாறையில் களஞ்சியம் குடைந்திருக்கிறது. இந்தியாவில் அப்படி எதுவும் இல்லை.

எங்களுக்கு இதில் என்ன ஆபத்து? அங்கே நிலத்தில் கசிவது எங்கள் கிணறுகளுக்கு வந்து சேராது, இடையில் கடல் இருக்கிறது. அந்தப் பயம் தேவையில்லை. ஆனால் தொட்டிகளின் குளிரூட்டல் நின்று எரிபொருள் சூடேறினால், 30 வருட அரைவாழ்வு கொண்ட சீசியம்-137 காற்றில் கலக்கலாம். கூடங்குளம் எங்களுக்குத் தென்மேற்கே இருக்கிறது. வாடைக்காற்றுக் காலமென்றால் காற்று எதிர்ப்பக்கம் போகும். சோளகக் காலமென்றால் இங்கே திரும்பும். நடக்கும் வாய்ப்புக் குறைவு, நடந்தால் இழப்புப் பெரிது. ஆபத்தை இந்த இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

கதிர்வீச்சு வராமலே வரும் இழப்பும் உண்டு. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்தபோது, சனம் மீன் வாங்கவே தயங்கியது. கடலில் அணுக்கழிவு கலந்ததாக ஒரு செய்தி வந்தாலே போதும், போருக்குப் பின் கடன்பட்டுப் படகு வாங்கிய எங்கள் மீனவரின் மீன் விலைபோகாது.

இந்தக் கணக்கை யார் போடுகிறார்கள்? கூடங்குளத்தின் அவசரகாலத் திட்டம் 16 கிலோமீற்றர் ஆரைக்குள் முடிகிறது. விபத்து நடந்தால் அயல்நாட்டுக்கு அறிவிக்க வேண்டும் என்ற 1986ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கையில் இரு நாடுகளும் உண்டு. ஆனால் கட்டுவதற்கு முன்னரே எல்லை கடந்த பாதிப்பை ஆராயச் சொல்லும் எஸ்போ உடன்படிக்கையில் இரண்டுமே இல்லை. 2019 ஒக்டோபரில் கூடங்குளக் கணினிகளில் ஊடுருவல் என்ற செய்தியை நிலையம் முதலில் மறுத்தது. அடுத்த நாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் இருந்ததை ஒப்புக்கொண்டது.

'பாதுகாப்பானது' என்ற சொல்லின் பெறுமதியைச் சுன்னாகம் எங்களுக்குக் காட்டியது. மின்நிலையக் கழிவு எண்ணெய் சுண்ணாம்புக்கல் வழியே கிணறுகளில் இறங்கியபோது, நீர்வளச் சபையின் ஆய்வு எண்ணெய் கலந்திருப்பதாகச் சொன்னது. வடமாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ பயப்பட ஏதுமில்லை என்றது. 2019 ஏப்ரலில்தான் உயர் நீதிமன்றம் நொதேர்ண் பவர் நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. அதுவரை தண்ணீருக்குப் பவுசரைப் பார்த்திருந்தது சனம்தான்.

ஆகவே எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொழும்பிடம் மூன்றைக் கேட்க வேண்டும். அணுக்கழிவுச் சேமிப்பிடத்தின் பாதுகாப்பு மதிப்பீட்டை இந்தியாவிடம் கேட்டுப் பெற வேண்டும். அணுப் பேரிடர்த் தணிப்பையும் உள்ளடக்கிய 2015 இந்திய–இலங்கை அணுசக்தி உடன்படிக்கை அதற்கு ஒரு வாசல். வடகரையின் காற்று, கடல்நீர், மீன் ஆகியவற்றின் இன்றைய கதிர்வீச்சு அளவுகளைத் தமிழில் ஒழுங்காக வெளியிட வேண்டும். இன்றைய அளவு தெரியாவிட்டால் நாளைய மாற்றத்தை நிரூபிக்க முடியாது. ஏதும் நடந்தால் தீவகத்துக்கும் மன்னாருக்கும் யார், எந்த மொழியில், எவ்வளவு நேரத்தில் அறிவிப்பது என்பதை இப்போதே எழுதி வைக்க வேண்டும்.

இதைக் கேட்பது இந்தியாவுக்கு எதிரானதல்ல. இடிந்தகரையில் கடலில் இறங்கி நின்ற மீனவர்கள் கேட்டதும் ஏறத்தாழ இதைத்தான்.