ஜாமீன் போட்டவர் சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கலாம்?

பாகூர் கொம்யூன் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஒன்றரை ஏக்கர் நெல், இரண்டு கறவை மாடு. அது போதாமல் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் மாதம் 16,000 ரூபாய்க்கு வேலை. மைத்துனர் நிதி நிறுவனத்தில் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மைத்துனர் தவணை கட்டாமல் திருப்பூர் போய்விட்டார். வசூலுக்கு வருகிறவர், “அடுத்த மாதம் முதல் உன் சம்பளம் முழுக்க எங்களுக்குத்தான், மாட்டையும் ஓட்டிப் போவோம்” என்று மிரட்டுகிறாராம். நீதிமன்றத் தபால் ஒன்று பிரிக்காமலே பீரோவில் கிடக்கிறது. வேலையை விட்டுவிட்டால் தப்பலாமா என்பது அவர் கேள்வி.

வேலையை விட வேண்டாம். முதலில் அந்தத் தபாலைப் பிரிக்க வேண்டும்.

கடன் நம்முடையதல்ல என்று சும்மா இருப்பதுதான் ஜாமீன்தாரர்கள் பலரைக் கெடுக்கிறது. சட்டப்படி கடன்காரருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. கட்டியபின் மைத்துனரிடம் திருப்பிக் கேட்கலாம், அது வேறு கணக்கு. வந்தது வக்கீல் நோட்டீஸ் என்றால் அது வெறும் கோரிக்கை. சம்மன் என்றால் வழக்கு தொடங்கிவிட்டது. குறித்த நாளில் கடலூர் சாலை நீதிமன்ற வளாகத்தில் ஆஜராக வேண்டும். பதிலுரை தர 30 நாள். போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். அப்படி ஆகியிருந்தால் அதை ரத்து செய்யக் கேட்கவும் 30 நாள்தான் அவகாசம். சம்மன் முறையாகக் கைக்கு வராதவருக்கு மட்டும் தீர்ப்பு தெரிந்த நாளிலிருந்து எண்ணுவார்கள்.

தீர்ப்பு இல்லாமல், நிறைவேற்று மனுவில் நீதிமன்ற உத்தரவு இல்லாமல், வசூல்காரர் சொன்னார் என்று கம்பெனி சம்பளத்தைப் பிடிக்க முடியாது. உத்தரவு வந்தாலும் முழுச் சம்பளமும் போகாது. பிரெஞ்சுக்காரர் காலத்துச் சட்டம் வேறு என்று ஊரில் பேச்சு உண்டு; கடன் வழக்குக்கு இப்போது இங்கேயும் இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டம்தான். அதன் 60-வது பிரிவுப்படி முதல் 1,000 ரூபாயைத் தொடக் கூடாது. மீதி 15,000-ல் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. ஆக மாதம் 5,000 பிடிக்கலாம், 11,000 கைக்கு வரும். அதே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதம் பிடித்தபின் சம்பள ஜப்தி நின்றுவிடும். பாக்கி இருந்தால் வேறு சொத்தைத் தேடுவார்கள். ஜீவனாம்ச வழக்குக்குக் கணக்கு வேறு.

கூலியாட்களின் கூலியை ஜப்தி செய்யவே முடியாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கம்பெனியில் செய்வது உடலுழைப்பு வேலை என்றால், இந்த விலக்கை வாசகரும் வக்கீல் மூலம் கேட்டுப் பார்க்கலாம்.

விவசாயியின் ஏர், கருவிகள், பிழைப்புக்கு அவசியம் என்று நீதிமன்றம் கருதும் மாடு, விதைநெல், அவர் குடியிருக்கும் வீடு இவற்றுக்கும் விலக்கு உண்டு. கறவை மாடு பிழைப்புக்கு அவசியம் என்பதை நீதிமன்றத்தில் அவர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். வீட்டையோ டிராக்டரையோ அந்தக் கடனுக்கே அடமானம் வைத்திருந்தால் இந்த விலக்கை நம்ப முடியாது. கடன் கொடுத்த வங்கியிலேயே சம்பளக் கணக்கு இருந்தால், வங்கி அதிலிருந்து எடுத்துக்கொள்ளப் பார்க்கும்; இந்த வாசகருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

மிரட்டலுக்கு வருவோம். ரிசர்வ் வங்கி விதிப்படி வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போனில் அழைத்துத் தொல்லை தரக் கூடாது. குழுக் கடன் போன்ற நுண்கடனுக்கு இது காலை 9 முதல் மாலை 6 வரை. புகாரை முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ள வேண்டும். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; விவரத்துக்கு 14448. அடி, மிரட்டல் என்றால் நேரே காவல் நிலையம். கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025-ல் கொண்டுவந்த சட்டம் கடலூர், விழுப்புரம் வாசகர்களுக்குத்தான், புதுச்சேரிக்குப் பொருந்தாது.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்கிறார் வாசகர். இலவச சட்ட உதவிக்கு 15100 எண்ணில் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு கிடையாது. லோக் அதாலத்தில் வட்டியைக் குறைத்துத் தவணை கேட்கவும் வழி உண்டு. ஆனால் அங்கே ஒப்புக்கொண்டால் மேல்முறையீடு இல்லை. ஆகவே அறுவடைப் பணம் எப்போது வரும், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று வீட்டில் கணக்குப் போட்டுவிட்டு, கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் சம்மதிக்க வேண்டும். மைத்துனரையும் திருப்பூரிலிருந்து அன்றைக்கு வரவழைத்தால் நல்லது.