கலயத்துக்கு ஒரு வக்காலத்து

என் சேக்காளி ஒருவர் டாஸ்மாக் பீருக்கு ஆயுள் வக்கீல். "பெங்களூர்ல ஒரு கிளாஸ் கிராஃப்ட் பீருக்குக் கொடுக்க துட்டுல நான் இங்க ரெண்டு பாட்டிலு குடிப்பேன். ஊருக்கு ஊரு பீருன்னு சொல்லுகதெல்லாம் துட்டுள்ளவன் பவுசுவே" என்பது அவர் கட்சி. நாகர்கோவிலில் முக்கால்வாசிப் பேரின் எண்ணமும் இதுதான். கிராஃப்ட் பீர் விலை பற்றிய பாதியை நானும் ஒப்புக்கொள்கிறேன். 2009இல் புனேயில் டூலாலி, 2010இல் பெங்களூரில் டாய்ட் என்று கிளம்பிய அந்த அலை, நல்ல சம்பளக்காரர்களின் சனிக்கிழமை ராத்திரிக்கானது. ஆனால் அதை வைத்து, வட்டாரச் சரக்கு என்றாலே ஆடம்பரம் என்று தீர்ப்பெழுத முடியாது, அதுவும் குமரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு. இங்கே வட்டார பீர் பனையுச்சியில் இருக்கிறது. 1987 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை, அவ்வளவுதான்.

"கள்ளையும் பீரையும் ஒண்ணா வைக்கதா?" என்று முதலில் எகிறுவார். வைக்கலாம். பனையேறி பாளையைக் கடிப்பால் இடுக்கிப் பதப்படுத்தி, நுனியைத் தாள் கனத்துக்குச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். காலையும் மாலையும் ஏறிச் சீவ வேண்டும். ஒரு வேளை தவறினாலும் பாளை ஊறுவது குறையும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது அக்கானி, அதாவது புளிக்காத பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் தானாகவே வேலையை ஆரம்பித்துவிடும், இறங்குவது கள். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் என்றொரு பீர் உண்டு. அதிலும் ஈஸ்ட்டை யாரும் சேர்ப்பதில்லை. கொதித்த சாற்றைத் திறந்த தொட்டியில் ஆறவிட்டு, காற்றில் வருவதற்குக் காத்திருக்கிறார்கள். அதைக் குளிர்காலத்தில் மட்டும் காய்ச்சுவார்கள். நம் பனையும் மாசி தொட்டு ஆனி வரைதான் நன்றாகச் சுரக்கும். லாம்பிக்கைத் தேடி உலகத்தின் நாலா பக்கமிருந்தும் ஆள் வருகிறது. நம் கலயத்தைத் தேடி போலீஸ் வருகிறது.

அடுத்து, "பீருன்னா என்னைக்கும் ஒரே ருசி, கள்ளுக்கு அந்த உத்தரவாதம் உண்டா?" என்பார். கிடையாது. காலையில் இனிக்கும், உச்சிக்குப் புளிக்கும், மறுநாள் காடிதான். பாட்டில் பீருக்கு அந்த ஒரே ருசி வந்தது சூடாக்கிக் கிருமியைக் கொல்கிற பாஸ்டர் முறையால். லூயி பாஸ்டர் பீரைப் பற்றித் தனிப் புத்தகமே 1876இல் போட்டார். பெரிய வித்தைதான், மறுக்கவில்லை. ஆனால் அது மாசக்கணக்கில் கிட்டங்கியில் கிடக்கவும் லாரியில் போகவும் வேண்டிய சரக்குக்கான வித்தை. விளையில் இறக்கி விளையிலேயே தீர்ந்துபோகிற பானத்துக்கு அது எதற்கு?

மலிவு என்ற வாதம் இன்னும் பலவீனம். பார்லி ராஜஸ்தான் பக்கம் விளைகிறது, ஹாப்ஸ் கடல் கடந்து வருகிறது, அதற்கு மேல் பாட்டில், லாரி, எல்லாவற்றுக்கும் மேல் வரி. கொடுக்கிற காசில் பெரும்பகுதி கஜானாவுக்குப் போகிற பொருளை மலிவு என்று சொல்ல ஒரு தனி மனசு வேண்டும். போதைக் கணக்கும் அப்படியே. கள்ளில் சாராயச் சத்து பெரும்பாலும் 4 முதல் 6 விழுக்காடு. சேக்காளி விரும்பிக் கேட்கும் 'ஸ்ட்ராங்' 8 வரை போகும். அதற்காகக் கள்ளை மருந்து என்று மேடையில் முழங்குகிறவர்களோடு நான் சேரமாட்டேன். கள்ளும் போதைதான், கள்ளால் கெட்ட குடும்பமும் உண்டு.

கலப்படம் பற்றிய வாதம் மட்டும் நிஜமாகவே கனமானது. கேரளத்தில் கள்ளில் குளோரல் ஹைட்ரேட் கலந்து பிடிபட்ட சரித்திரம் உண்டு. ஆனால் தடை போட்டதால் நாம் எதைத் தடுத்தோம்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். கள்ளுக்குத் தடை இருந்தபோதுதான் அதுவும் நடந்தது. கருப்பட்டியில் சீனி கலப்பது ஊரறிந்த விஷயம். அதற்காகக் கருப்பட்டியைத் தடை செய்யச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லையே.

கடைசியாக, "இனி எவம்லே பனை ஏறப் போறான்?" என்று அடிப்பார். ஏறுகிறவர்கள் குறைந்தது உண்மை. ரப்பர் வெட்டவும் கொத்தனார் வேலைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். விழுந்தால் இடுப்பு போகிற தொழிலில் பிள்ளையை இறக்க எந்த அப்பனுக்கும் மனசு வராது. ஆனால் மிச்சமிருப்பவர்களுக்கு நாம் விட்டுவைத்த வழி என்ன? அக்கானியை விற்க வேண்டும், விற்காததை அன்றைக்கே காய்ச்ச வேண்டும். வீட்டுப் பெண்கள் மணிக்கணக்கில் அடுப்புப் புகையில் நின்று கிண்டிச் சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டி, சந்தையில் சீனி கலந்த கருப்பட்டியோடு விலைக்கு மல்லுக்கட்ட வேண்டும். கள்ளுக்கு விறகும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். மரத்து மூட்டிலேயே காசு கைக்கு வந்துவிடும். ஈத்தாமொழித் தென்னைக்கும் மட்டிப் பழத்துக்கும் புவிசார் குறியீடு வாங்கிப் பெருமைப்படுகிறோம். கோவாக்காரன் 2009இலேயே தன் ஊர்ச் சாராயமான ஃபெனிக்கே அதை வாங்கிவிட்டான்.

இத்தனைக்கும் பிறகு சேக்காளி கையில் ஒரு துருப்பு இருக்கிறது: "களியக்காவிளை தாண்டினா பாறசாலையில கள்ளு ஷாப்பு இருக்குல்லா? மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வச்சு குடிச்சிட்டு வாரும்." போகலாம்தான். குடிக்கிறவன் பஸ் ஏறி எல்லை தாண்டுவான். விளவங்கோட்டுப் பனை தாண்டாதே. கேரளத்தின் பல ஷாப்புகளுக்குக் கள் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து வண்டியேறி வருகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் நிற்கிற பனையில் சுண்ணாம்பில்லாமல் கலயம் கட்டினால் கேஸ்.